பன்னிரண்டாவது வெட்டு

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துவிடவில்லை, பயம்தான் காரணம். அவள் இந்த மாவட்டத்தில் எங்காவது இருக்கலாம். இருந்தால், என்னால் ஏற்கெனவே அவளுக்கு வந்த தொந்தரவு போதும். என்னைவிட முப்பத்தொரு வயது இளையவள் என்பதால் அவள் என்றே எழுதுகிறேன். எனக்கு இப்போது எழுபத்தெட்டு.

கோட்டாற்றில் பெரிய தெருவிலிருந்து ஒரு சந்தில் அறுபத்திரண்டு எட்டு வைத்து உள்ளே போனால் அவளுடைய பிளக்ஸ் கடை இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், பாஸ்போர்ட் படம் எடுக்க வெள்ளைத் துணி தொங்கும் ஒரு மூலை, பின்கட்டில் அச்சடிக்கும் மிஷின். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் அங்கிருந்து முகங்கள் போயின. மேசையில் எப்போதும் ஓர் எவர்சில்வர் அடிக்கோல் கிடக்கும். மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் அளப்பாள்.

முதல் முறை நான் உள்ளே நுழைந்தபோது நிமிர்ந்து ஒரு கணம் பார்த்துவிட்டு, "ஒம்பதே கால்" என்றாள்.

"என்னது?"

"உங்க தலை சார். உச்சியில இருந்து தாடை வரைக்கும். சும்மா சொன்னேன், பேடிக்காதிங்க, பயப்பட ஒண்ணுமில்ல."

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று டேப் பிடித்துப் பார்த்தேன். ஒன்பதே கால். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரே பார்வையில் நம்மை அளந்துவிட்ட ஆளிடம் பிறகு எதை மறைக்க முடியும்?

நான் போனது காசுகளுக்காக. சர்வே துறையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவன் நான். அந்த வருடங்களில் கோட்டாற்றுப் பழைய பாத்திரக் கடைகளில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிய ரோமாபுரிக் காசுகள் பத்தொன்பது என்னிடம் உண்டு. பதினேழு செம்பு, முகம் தேய்ந்து போனவை. இரண்டு வெள்ளி. நம்முடைய மிளகுக்கும் முத்துக்கும் ஈடாகக் கப்பலேறி வந்தவை. எங்கள் சபைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று, எட்டுக் காசுகளைப் பெரிதாக்கித் தரும்படி அவளிடம் கேட்டேன்.

அவள் முதலில் ஸ்கேனரில் வைத்தது வெள்ளிக் காசுகளில் ஒன்று. திரையில் ஒரு முழ அகலத்துக்கு அந்தப் பேரரசன் எழுந்தான். வலப்பக்கம் பார்த்த முகம், தலையில் இலைக் கிரீடம், தடித்த கழுத்து, சின்ன உதடு. சுற்றிலும் பதினெட்டு எழுத்து, அவற்றில் பதினொன்றைப் படிக்கலாம். எந்தப் பேரரசன் என்பது எனக்குத் தெரியும். அவள் பெயரை மறைத்துவிட்டு அவன் பெயரை மட்டும் எழுதுவது நியாயமாகப் படவில்லை.

அந்த முகத்தின் குறுக்கே, காதிலிருந்து தாடைவரை, உளி வைத்து இறக்கிய ஒரு வெட்டு இருந்தது.

அவள் அடிக்கோலைத் திரையில் வைத்துப் பார்த்தாள். "கழுத்தை ஏத்தியிருக்கான் சார். இவ்வளவு கழுத்து ஒரு மனுசனுக்கும் கிடையாது. கண்ணுக்குக் கீழ தொங்குகத எடுத்திருக்கான். நானும் இதைத்தான் செய்யுகேன்."

"ரெண்டாயிரம் வருசம் ஆன காசு, மக்கா."

"இருந்தா என்ன? மொகத்தைத் திருத்தச் சொல்லிக் கேக்குகவன் எப்பவும் ஒண்ணுதானே." பிறகு அடிக்கோலின் முனையால் கண்ணைத் தொட்டாள். "காதைப் பாருங்க, முடியைப் பாருங்க. நிதானமா வெட்டியிருக்கான். கண்ணுக்கு வந்தப்போ கை நடுங்கிட்டு. ஒரு கோடு விழவேண்டிய எடத்தில ரெண்டு விழுந்திருக்கு, பாத்தியளா? செய்தவன் பேடிச்சிருக்கான்."

நாற்பது வருடம் அந்தக் காசு என்னிடம் இருக்கிறது. அடிக்கும்போது அச்சு நகர்ந்ததால் வந்த இரட்டைக் கோடு என்றுதான் நினைத்திருந்தேன். இன்றும் அதுதான் சரியாக இருக்கும். ஆனால் அவள் சொன்ன பிறகு அந்தக் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம், எதிரே மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கும் ஒருவனும் சேர்ந்து தெரிகிறான்.

"அப்போ இந்த வெட்டு யாரு போட்டது?" என்று கேட்டாள்.

நம் தெற்கில் கிடைக்கும் இந்தக் காசுகள் பலவற்றில் இப்படி முகத்தில் வெட்டு இருக்கும், காரணம் யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்றேன். உள்ளேயும் வெள்ளிதானா என்று சோதிக்க வெட்டியிருக்கலாம். இந்தக் கரையில் அந்த முகத்துக்கு அதிகாரம் இல்லை, இது வெறும் வெள்ளி என்று காட்டவும் வெட்டியிருக்கலாம்.

"காத்து போகவா இருக்கும்" என்றாள், சிரிக்காமல்.

அவள் தொழில் தெரிந்தால்தான் அது விளங்கும். நம் பக்கம் ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு முன்னால் எந்தப் பேனரும் நிற்காது. அதனால் கட்டியதும் பிளேடால் அங்கங்கே பிறை வடிவத்தில் வெட்டு விடுவார்கள். காற்று அந்த வழியாகப் போய்விடும், கம்பு சாயாது. வெட்டை வானத்தில் போடுவார்கள், பூவில் போடுவார்கள். முகத்தில் போடமாட்டார்கள்.

முகம் விஷயத்தில் அவள் கடையில் சட்டம் உண்டு. மேலே உள்ள தலைவருக்கு எட்டு இஞ்சு, மாவட்டத்துக்கு ஆறு, வட்டத்துக்கு நாலு, கீழே வரிசையாக நிற்கும் பையன்களுக்கு ஒன்றரை. ஒரு நாள் ஒருவர் வந்து, பக்கத்து ஆளின் தலை தன்னுடையதைவிடக் கால் இஞ்சு பெரிது என்று சண்டை போட்டார். அவள் அடிக்கோலை வைத்துப் பார்த்து, "ஆமா, பெரிசுதான். அவருக்க முடியைக் கொறைக்கட்டா, காதைக் கொறைக்கட்டா? நீங்க சொல்லுங்க" என்றாள். அவர் உண்மையாகவே யோசித்துவிட்டு, "காது" என்றார்.

அவர் போனதும், என்னிடம் இருந்த ஓர் அச்சுப் படத்தைக் காட்டினேன். ஒரே காசில் இரண்டு பேரரசர்கள், அண்ணனும் தம்பியும். இரண்டு தலையும் ஒரே அளவு. அண்ணன் தம்பியைக் கொன்றுவிட்டு, ஊரெல்லாம் இருந்த காசுகளில் அவன் முகத்தைச் சுரண்டி எடுக்க வைத்தான் என்று சொன்னேன்.

"ஒரே அளவில போட்டா அப்படித்தான் முடியும்" என்றாள். பிறகு கம்ப்யூட்டரில் ஒரு பெட்டியைத் திறந்தாள். உள்ளே முகங்கள், எண்ணினேன், ஐம்பத்தேழு. எல்லாம் பேனர்களிலிருந்து எடுக்கச் சொன்ன முகங்கள். சண்டை போட்டவர்கள், கட்சி மாறியவர்கள், செத்துப்போனவர்கள். "போன் வரும் சார், இன்ன ஆளைத் தூக்குன்னு. தூக்கின எடத்தில வானத்தை வைப்பேன். வானம்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க." எங்கள் ஊர்ப் பேனர்களில் ஏன் இவ்வளவு வானம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கடையை விட்டு இறங்கிய பிறகு தெருவில் தெரிந்த ஒவ்வொரு நீலத் துண்டையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். நடையின் வேகம் தானாகவே கூடியது.

அந்த மனிதர் வந்தது ஆனி மாதம். எந்தக் கட்சி, என்ன பதவி என்பதையும் நான் எழுதப்போவதில்லை. எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். அவர் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அதுதான் அவரைப் பற்றிய பயத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு ஆட்கள் வாசலில் நிற்க, அவர் மட்டும் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் என் காசு இருந்தது.

"இது யாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். "ராஜா" என்றேன். "ரோமாபுரி ராஜா."

"கொள்ளாம், நல்லாருக்கு" என்றார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மக்கா, நம்ம பிறந்தநாளுக்கு இதே மாதிரி போடு. தங்கக் காசு. ஒரு பக்கமாப் பாக்குக மொகம். தலையில இந்த இலை. வேற யாரும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம். இருவதுக்கு இருவது அடி. தோவாளை விலக்கில, ரோடு பிரியுக எடத்தில வைக்கணும்."

"அங்க காத்து கூடுதல் அண்ணாச்சி. கொஞ்சம் வானம் விட்டாத்தான் வெட்டுப் போட முடியும்."

"வானம் எதுக்கு? மொகம் போதும்." எழுந்தவர் திரையைத் திரும்பப் பார்த்தார். "இந்தக் கீறல் நம்மளதில இருக்கப்பிடாது, கேட்டியா? ஒரு கீறல் இருக்கப்பிடாது." அவள் தோளைத் தட்டிக் கொடுப்பது போல மேசையைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் அந்தக் காசை அன்று கொண்டுபோகாமல் இருந்திருந்தால் அந்த ஆசை அவருக்கு வந்திருக்காது. இதை எத்தனை முறை நினைத்திருப்பேன் என்பதற்கு மட்டும் என்னிடம் எண்ணிக்கை இல்லை.

அவள் நான்கு நாளில் முடித்தாள். கழுத்தை ஏற்றினாள், கண்ணுக்குக் கீழே எடுத்தாள், தாடையை ஒரு விரல் தூக்கினாள். பின்பக்கம் கறுப்பாக இருக்கும் கெட்டித் துணியில் அச்சடித்தாள். பின்னால் நின்று பார்த்தால் படம் துளிகூடத் தெரியாது. அந்தக் கறுப்பில் சாக்பீஸால் சின்னச் சின்னப் பிறைகள் வரைந்து வைத்திருந்தாள். நான்கு மூலையிலும் நான்கு, இலைகளுக்கு நடுவில் நான்கு, முடியில் இரண்டு, கழுத்து மடிப்பில் ஒன்று. வெட்டினாலும் முன்னால் வெளிப்படாத இடங்கள்.

"அவர் வேண்டாம்னு சொன்னாரல்லா?" என்றேன்.

"வெட்டணும்னு இல்ல சார். ஒரு பாதுகாப்புக்கு. இந்த அளவுக்குப் பன்னிரண்டு வேணும். பதினொண்ணுக்குத்தான் எடம் கிடைச்சு."

கட்டும் அன்று நானும் தோவாளைக்குப் போனேன். என்னை யாரும் அழைக்கவில்லை. வீட்டில் இருந்தால் பயம் கூடுகிறது என்பதால் போனேன். பிற்பகல் மூன்றரை மணி. ஏழு சவுக்குக் கம்பு, பதினான்கு கயிறு. துணி விரிந்து நிமிர்ந்ததும் காற்று அதற்குள் இறங்கியது. அந்தத் தங்க முகம் கன்னம் உப்பி ரோட்டின் மேல் சாய்ந்தது. கம்புகள் கிறீச்சிட்டன. நேர் கீழே பஸ் நிறுத்தத்தில் பூக்கூடைகளோடு பெண்கள் நின்றார்கள். ஒன்பது பேர், இரண்டு கைக்குழந்தை. தள்ளி நிற்கச் சொன்னோம். "பஸ் இங்கதான் நிக்கும்" என்றாள் ஒருத்தி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"வெட்டுப் போடுலே" என்றாள் அவள், பேனர் கட்டும் ஆளிடம்.

"நான் மாட்டேன் அக்கா. கீறல் இருக்கப்பிடாதுன்னு எனக்கும் ஆளு விட்டுச் சொன்னாங்க. எனக்க ரெண்டு பிள்ளையளையும் நெனைச்சுப் பாரு." பிளேடை அவள் கையில் வைத்துவிட்டு அவன் டீக்கடைப் பக்கம் போய்விட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அவள் சேலையைச் செருகிக்கொண்டு பின்பக்க ஏணியில் ஏறினாள். நான் முன்னால் நின்று எண்ணினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் துணி ஒரு பெருமூச்சு விட்டது. பதினொன்று ஆனபோது கன்னம் அமுங்கிவிட்டது. கம்புகள் நிமிர்ந்தன.

"போதும் சார்" என்று மேலிருந்து குரல் வந்தது. "காத்து அடங்கிட்டு."

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். வலது ஓரத்துக் கம்பு ஒன்று இன்னும் லேசாக ஆடியது. அதைவிட, பன்னிரண்டு என்று சொன்ன கணக்கு பதினொன்றில் நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. "பன்னிரண்டு சொன்னியே. ஒண்ணு பாக்கி."

"அதுக்கு எடம் எங்க இருக்கு? நீங்கதான் முன்னால நிக்கிய. பாத்துச் சொல்லுங்க."

காதுக்குப் பின்னால், பின்னந்தலையில் இடம் இருந்தது. எனக்கு இடப்பக்கம். "இடது" என்றேன். "ஒரு முழம் இடது."

"எனக்க இடதா, உங்க இடதா?"

தெளிவாகக் கேட்டேன். முப்பத்தைந்து வருடம் நிலம் அளக்கச் சங்கிலி பிடித்தவர்களுக்கு இடதும் வலதும் சொன்ன வாய் இது. அந்தக் கம்பையும் கீழே நின்ற கைக்குழந்தைகளையும் பார்த்துக்கொண்டே, "இடதுதான் மக்கா, இடதுதான். சீக்கிரம்" என்றேன்.

அவள் தன் இடப்பக்கம் நகர்ந்தாள். பிளேடின் முனை காதுக்கு முன்னால், கன்னத்தில் எட்டிப் பார்த்தது. நிறுத்து என்று கத்த வேண்டும். எண்ணத்தான் முடிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பிளேடு காதடியிலிருந்து தாடைவரை வளைந்து இறங்கியது. காற்று அந்தப் பிறையைத் திறந்தது, மூடியது, திறந்தது. அண்ணாச்சியின் முகத்துக்கு இன்னொரு வாய் முளைத்து எதையோ சொல்ல ஆரம்பித்தது.

அவள் இறங்கி முன்னால் வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். என் மேல் கோபப்படவில்லை. அடிக்கோல் கையில் இல்லாததால் விரலை நீட்டி ஒரு கண்ணை மூடி அளந்தாள். "உங்க காசில உள்ள அதே எடம்" என்றாள். பூக்காரிகளில் ஒருத்தி சிரித்தாள். பிறகு ஒன்பது பேரும் சிரித்தார்கள். ஒருத்தி போனை எடுத்தாள்.

பேனர் சாயவில்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்தப் போன் படம் பொழுது விடிவதற்குள் ஊரெல்லாம் போய்விட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் கடையில் இருந்தேன். என் வெள்ளிக் காசு இன்னும் அவள் ஸ்கேனரில்தான் இருந்தது. அவளிடம் என்ன சொல்லலாம் என்று ஒன்பது வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். முதல் வாக்கியத்தைத் தொடங்குமுன் இரண்டு ஆட்கள் உள்ளே வந்தார்கள். ஒருவன் ஷட்டரைப் பாதி இறக்கினான். மற்றவன் சுவரில் காயப்போட்டிருந்த என் காசுப் படத்தைப் பிய்த்து எடுத்தான்.

"இதைப் பாத்துத்தானே வெட்டியிருக்கிய?"

"காத்துக்கு வெட்டினேன்" என்றாள். "கீழ ஆளு நின்னாங்க."

"கூட யாரு?"

"நான் மட்டுந்தான். கட்டுகவன்கூட மாட்டேன்னு போயிட்டான்."

"முன்னால நின்னு ஒரு கிழவன் கையைக் காட்டினான்னு சொல்லுகாங்களே." அவன் என் பக்கம் திரும்பினான். "வோய், நீரு யாரு? அங்க நின்னது நீரா?"

"இல்லை" என்றேன்.

"இந்தக் காசு உமக்குள்ளதா?"

"இல்லை."

"இவளைத் தெரியுமா?"

"இல்லை. பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தேன்."

மூன்று முறை இல்லை என்றேன். ஆண்டவரையே தெரியாது என்று மூன்று முறை சொன்ன சீடனின் கதையைக் கேட்டு வளர்ந்து, ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவனுக்கு அந்த மூன்று லேசான எண்ணிக்கை அல்ல.

அவர்கள் நம்பவில்லை என்று தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. ஸ்கேனர் மூடியைச் சரிசெய்வது போல ஒரு கணம் தூக்கி மூடினாள். பிறகு வெள்ளைத் துணிப் பக்கம் கையைக் காட்டி, எந்த வாடிக்கையாளரிடமும் பேசுகிற குரலில், "வந்து இரிங்க சார். நேரமாகுதுன்னு சொன்னியளே" என்றாள்.

உட்கார்ந்தேன். இரண்டு ஆட்களும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். அவள் கேமராவைக் கண்ணில் வைத்தாள். "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க. என்னைப் பாருங்க. அங்க இல்ல, என்னைப் பாருங்க." ஒரே ஒரு படம் எடுத்தாள். அச்சடித்து, வெட்டி, எட்டுப் படங்களையும் ஒரு கவரில் போட்டு என் கையில் தந்தாள். "சரி, போயிட்டு வாங்க."

பாதி ஷட்டருக்கு அடியில் ஒன்பதே கால் இஞ்சுத் தலையைக் குனிந்து வெளியே வந்தேன். அறுபத்திரண்டு எட்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஷட்டர் மீதியும் இறங்கும் சத்தம் கேட்டது. அதை இறக்கியது யார் என்று எனக்குத் தெரியாது.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கவர் கனப்பதைக் கவனித்தேன். படங்களுக்கு நடுவில் என் வெள்ளிக் காசு இருந்தது.

மறுபடி அந்தச் சந்துக்குப் போகப் பத்து நாள் ஆயிற்று. கடையில் வேறு பூட்டு. பக்கத்துக் கடைக்காரர், "இடத்துக்காரர் ஒழியச் சொல்லிட்டார். மிஷினை வண்டியில ஏத்தினாங்க. மார்த்தாண்டம்னு ஒருத்தன் சொல்லுகான், திருவனந்தபுரம்னு ஒருத்தன் சொல்லுகான்" என்றார். அவளுக்கு அடி ஏதும் பட்டதா என்று கேட்க நினைத்தேன். அவர், "நீங்க யாரு?" என்று கேட்டார். சும்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது நான்காவது.

கண்காட்சி நடக்கவில்லை. தோவாளை விலக்கில் இப்போது நிறைய வானம் வைத்த வேறொரு பேனர் இருக்கிறது. அண்ணாச்சி நன்றாக இருக்கிறார்.

காசையும் படங்களையும் ஒரே டப்பாவில் வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை லென்ஸை எடுத்துப் பார்ப்பேன். காசில் அந்தப் பேரரசனின் கண்ணில் இரண்டு கோடு விழுந்திருக்கிறது. என் படத்தில் எல்லாம் ஒற்றைக் கோடுதான். ஊரில் எத்தனையோ பேருக்குக் கழுத்தை ஏற்றி, கண்ணுக்குக் கீழே எடுத்துக் கொடுத்தவள், என் முகத்தில் எதையும் தொடவில்லை. எட்டில் ஒன்றைக்கூட நான் எந்த விண்ணப்பத்திலும் ஒட்டவில்லை. பக்கத்தில் இரண்டு ஆட்கள் நிற்கும்போது எடுத்த படம் அது. அவள் கை ஓர் இழைகூட அசையவில்லை. மேலுதட்டின் மேல் வியர்வை ஏழு துளி. எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக இருக்கிறது.